பழி விதிமீது, பளு தாய்மீது!

மருமகள் கருவுற்றாள் என்றதும் மனை மகிழ்கிறது. ஏழாம் திங்களில் வளைகாப்பு! சந்தனம் பூசுகின்றனர், மலர் சூட்டுகின்றனர், ஐவகைச் சோறு ஆக்கிப் படைக்கின்றனர். வளையல் எத்தனை என்று எண்ணுகின்றனர். வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுகின்றனர். வரிசைத் தட்டு எத்தனை என்று எண்ணுகின்றனர். எண்ண மறந்தது ஒன்றே ஒன்று: அந்த வளையல் குலுங்கும் கையிலே ஓடுகின்ற இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பது!

பிறகு ஒரு நாள், குழந்தை அளவு மீறிப் பெருத்துப் பேறு தடைப்படுகிறது. அல்லது, நேற்றுவரை உதைத்து விளையாடிய குழந்தை வயிற்றுக்குள்ளேயே அசைவற்றுப் போகிறது. அப்போது மட்டும் கணக்கு வருகிறது. யாருடைய கணக்கு? மருத்துவரின் கணக்கா? ஆய்வுக்கூடத்தின் கணக்கா? இல்லை, சித்திரகுப்தன் கணக்கு! "அவள் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்கிறார் ஒருவர். "முற்பிறப்பின் வினை" என்கிறார் மற்றொருவர். "இவள் வந்த வேளை" என்று மூன்றாமவர் முணுமுணுக்கிறார். பழியை விதியின் மீது போடுவதாகச் சொல்லிக்கொள்கின்றனர். ஆனால் அந்தப் பளுவைச் சுமப்பவளோ, பெற்று இழந்த அந்தப் பேதைப் பெண்!

தோழர்களே! விதி என்பது யாது? அறியாமைக்கு நாம் சூட்டியிருக்கும் அழகிய பெயர். அளந்து அறியக்கூடியதை அளக்க மறுத்துவிட்டு, அறியமுடியாதது என்று கை விரிப்பதற்குப் பெயர்தான் விதி. பேறுகாலத்தில் வரும் நீரிழிவை எடுத்துக்கொள்வோம். அது எங்கிருந்து வருகிறது? விண்ணிலிருந்தா, வினையிலிருந்தா?

வயிற்றில் வளரும் கருவுக்கு உணவு கொடுக்கும் நஞ்சுக்கொடி, சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. தாயின் உடலில் இன்சுலின் செய்யும் வேலையை அவை மட்டுப்படுத்துகின்றன. இது குறையன்று, கருவுக்கு உணவு தட்டாமல் சேரவேண்டும் என்று இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு. தாயின் கணையம் ஈடுகொடுத்து மிகுதியாக இன்சுலின் சுரந்துவிட்டால் தொல்லையில்லை. ஈடுகொடுக்க இயலாதபோது இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதிலே பாவம் எங்கே இருக்கிறது? புண்ணியம் எங்கே இருக்கிறது? காட்டட்டும்!

அதன் பின் நடப்பதை, டென்மார்க் நாட்டு மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களிலேயே விளக்கிவிட்டார். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து சேயிடம் செல்லும். தாயின் இன்சுலின் செல்லாது. ஆகவே, வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கச் சேயின் சின்னஞ்சிறு கணையமே மிகையாக இன்சுலினைச் சுரக்கிறது. கொழுப்பு சேர்கிறது, உடல் பெருக்கிறது, பேற்றின்போது தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து எழுகிறது. பிறந்து கொடியை அறுத்ததும் சர்க்கரை வரவு சட்டென நிற்கிறது. சேயின் இன்சுலினோ உடனே நிற்பதில்லை. அதனால்தான், "கொழுகொழுவென்று இருக்கிறான், ராஜா!" என்று கொஞ்சப்படும் குழந்தைக்குப் பிறந்த சில மணி நேரத்துக்குள்ளேயே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடுகிறது. கொழுகொழுப்பு எல்லாம் கொழுமை அன்று, தோழர்களே; சில வேளை அது கூக்குரல்!

இதை அறிவதற்கு மலைமீது ஏறவேண்டுமா? மண்டலம் நோன்பிருக்க வேண்டுமா? வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸ். அதைக் கரைக்க 300 மில்லி லிட்டர் தண்ணீர். காத்திருக்க இரண்டு மணி நேரம். ஒரு துளி இரத்தம். முன்பு எப்போது உண்டாள் என்று கூடப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பின் டெசி லிட்டருக்கு 140 மில்லி கிராமோ, அதற்கு மேலோ இருந்தால், பேறுகால நீரிழிவு. இந்த எளிய முறைக்காக உழைத்தவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷையா. இதையே 2014-இல் இந்திய அரசு நாடு முழுமைக்குமான வழிகாட்டு நெறியாக ஏற்றது. 2018-இல் அதைத் திருத்தி வெளியிட்டது. கருவுற்று முதன்முறை மருத்துவரிடம் வரும்போது ஒரு சோதனை. அதில் சர்க்கரை இல்லையென்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் மற்றொரு சோதனை. இவ்வளவுதான்!

"சர்க்கரை நோய் பணக்காரர் நோய், பாடுபடும் நமக்கு ஏன் வருகிறது?" என்று கேட்போர் உண்டு. தமிழ்நாட்டில் எடுத்து 2008-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று அதற்கு விடை சொல்லியிருக்கிறது. கருவுற்ற பெண்களில் பேறுகால நீரிழிவு கொண்டோர் நகரத்தில் 17.8 விழுக்காடு, நகரை ஒட்டிய பகுதியில் 13.8, சிற்றூரில் 9.9. வரப்பிலே நடப்பவளாயினும், பத்துப் பேரில் ஒருத்திக்கு இருக்கிறது என்பது பொருள். மாளிகை, மண்குடிசை என்று பார்த்து நோய் வருவதில்லை. பார்த்துப் பார்த்து மருத்துவம் மறுப்பது மட்டும் மனிதனின் வழக்கம்.

இந்த இடத்தில் மாமியாரின் குரல் ஒலிக்கும். "நாங்கள் பத்துப் பெற்றோம். எவள் சர்க்கரை பார்த்தாள்?" மருமகள் வாய் திறந்து கேட்கட்டும்: "பத்துப் பெற்றீர்கள், அத்தை. எத்தனை வளர்த்தீர்கள்?" கேட்கத் தயங்கினால், அவள் கணவன் கேட்கட்டும். அந்தக் காலத்துப் பத்திலே மண்ணுக்குள் போனவை எத்தனை என்பதை எந்தக் கல்வெட்டும் பொறிக்கவில்லை; பேற்றிலே மாண்டுபோன தாய்மார்களுக்கு எந்த நடுகல்லும் இல்லை. அந்தப் பழைய காலத்தை நாம் ஓரளவு வென்றிருக்கிறோம். 2018–20 காலத்துக்கான கணக்கெடுப்பின்படி, ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு மாண்ட தாய்மார் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. வென்றது வேண்டுதலா? செவிலியரின் கால்களும், ஆரம்பச் சுகாதார நிலையங்களின் கதவுகளும், இரத்த வங்கிகளும்! ஆனாலும் அந்த 54 பேரும் எண்கள் அல்லர். ஐம்பத்து நான்கு வீடுகளின் விளக்குகள். அவற்றை அணைத்தது விதி என்று சொல்லி ஓய முடியுமா?

அடுத்து, ஊசி குறித்த அச்சம். "இன்சுலின் ஒருமுறை ஏறினால் உயிருள்ளவரை இறங்காது, குழந்தைக்கும் கேடு" என்கிறது திண்ணைத் தீர்ப்பு. அது பொய். தாய்க்கு இடும் இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடந்து சேயைத் தொடுவதில்லை. பேறுகாலத்தில் வந்த நீரிழிவாயின், குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோர்க்கு ஊசியும் நின்றுவிடுகிறது. முன்பே நீரிழிவு உடையவர் மட்டும் மருத்துவர் சொல்வதன்படி தொடர வேண்டும்.

அந்த மருந்தின் வரலாற்றைக் கேளுங்கள். 1922 ஜனவரி 11 அன்று, கனடா நாட்டு டொராண்டோ நகர மருத்துவமனையிலே, எலும்பும் தோலுமாகக் கிடந்த 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அந்நாள்வரை அந்த நோய்க்கு மரணமே மருந்து. நீரிழிவு கொண்ட பெண் கருவுறுவது அரிது. கருவுற்றால் தாயும் சேயும் பிழைப்பது அதனினும் அரிது. மருந்தைக் கண்டவர்கள் அதன் உரிமையைக் காசாக்கிக் கொழுக்கவில்லை; ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிரிசில்லா ஒயிட் என்ற பெண் மருத்துவர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீரிழிவு கொண்ட தாய்மாரோடு பாடுபட்டு, யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று வகுக்கும் முறையை 1949-இல் வெளியிட்டார். இவர்களெல்லாம் விதியை நம்பி உட்கார்ந்திருந்தால்? இன்றைக்கு எத்தனை தாய்மார், எத்தனை பிள்ளைகள் இல்லாமற் போயிருப்பர்!

ஊசிக்கு முன்னே உணவு. நோய் தெரிந்ததும் எல்லோர்க்கும் ஊசி என்பதில்லை. இரண்டு வாரம் உணவை ஒழுங்கு செய்து, நடை பழகி, உண்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதிப்பார்கள். 120-க்குக் கீழே நின்றால் உணவும் நடையுமே போதும். நில்லாவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ. ஆனால் அந்த உணவிலேதான் எத்தனை மூடக் கருத்து! "இருவருக்குச் சேர்த்து உண்" என்று சோற்றைக் குவிப்பார் ஒருவர். "வெள்ளைச் சர்க்கரைதான் நஞ்சு, கருப்பட்டி அமுதம், தேன் தெய்விகம்" என்று சொல்லிக் கரைத்துக் கொடுப்பார் இன்னொருவர். கருப்பட்டியும் சர்க்கரையே, தேனும் சர்க்கரையே, நாட்டுச் சர்க்கரை என்று பெயரில் நாட்டைச் சேர்த்ததால் இரத்தம் ஏமாந்துவிடாது! கேழ்வரகும் கம்பும் நல்லவையே. ஆனால் குடம் குடமாய்க் கூழ் குடித்தால் அவையும் சர்க்கரையை ஏற்றவே செய்யும். அளவாகச் சோறு, நிறையக் காய், பருப்பு, பயறு, முட்டை, மீன், மூன்று வேளைப் பேருணவு, இடையிடையே சிற்றுணவு. பட்டினியும் கூடாது, பெருந்தீனியும் கூடாது. இதுதான் அறிவு சொல்லும் பத்தியம்.

இந்தப் பத்தியத்தை அவள் எப்படிக் கடைப்பிடிப்பாள்? அதையும் கேட்க வேண்டும் அன்றோ? வீட்டார் அனைவரும் உண்டபின், அடிச்சட்டியில் ஒட்டியிருப்பதை உண்பவள் அவள். பருப்பு தீர்ந்திருக்கும், முட்டை முடிந்திருக்கும், மீனிலே முள்ளும், குழம்பிலே மண்டியும், பானையிலே சோறும் எஞ்சியிருக்கும். சோறு மட்டும் எஞ்சும் தட்டில் சர்க்கரை ஏறாமல் வேறென்ன ஏறும்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். வீட்டில் கடைசியாக உண்ணும் வழக்கத்துக்கு இதில் பங்கே இல்லை என்று எவரேனும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்! மருத்துவர் எழுதும் பத்தியச் சீட்டு மருமகளுக்கு மட்டும் எழுதப்படுவதன்று. அது அந்த வீட்டுப் பந்தி முறைக்கே எழுதப்படும் தீர்ப்பு.

இனி, வானத்திலிருந்து வரும் வம்பு. 2019 டிசம்பர் 26 அன்று கங்கணச் சூரிய கிரகணம். கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் வளையம் தெரிந்தது. காலை எட்டு மணிக்குப் பின் தொடங்கிப் பதினொரு மணிக்குப் பின் முடிந்தது. அறிவியல் அறிந்தோர் தக்க கண்ணாடி அணிந்து கண்டு களித்தனர். ஆனால், கருவுற்ற பெண்களை இருட்டறையில் அடைத்து, உணவும் நீரும் தராமல் வைப்பது இன்றும் பல வீடுகளின் வழக்கம். எண்ணிப் பாருங்கள்! காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டவள் ஒருத்தி. மருந்து வேலை செய்கிறது. உணவோ உள்ளே போகவில்லை. சர்க்கரை சரிகிறது. கை நடுங்குகிறது, வியர்வை வழிகிறது, கண் இருள்கிறது. சூரியனை நிலவு மறைத்ததால் அவளுக்கு எந்தக் கேடும் வரவில்லை. சோற்றுப் பானையை அறியாமை மறைத்ததால் வந்தது! ராகு விழுங்கியது சூரியனையன்று; அவளது காலைச் சிற்றுண்டியை!

பஞ்சாங்கத்தின் ஆட்சி அத்தோடு நிற்கிறதா? பிறக்கும் குழந்தை நல்ல நட்சத்திரத்தில் பிறக்கவேண்டுமாம். அதற்காக நாள் குறித்து, நாழிகை குறித்து, வாரங்கள் முதிருமுன்பே வயிற்றைக் கீறச் சொல்லி மருத்துவரை நெருக்குவோர் உண்டு. மருத்துவக் காரணம் இன்றி 39 வாரத்துக்கு முன் அறுவை கூடாது என்பது மருத்துவ நெறி. அதிலும் நீரிழிவு கொண்ட தாயின் குழந்தைக்கு நுரையீரல் முதிர்வது தாமதப்படக்கூடும். மூச்சுவிடத் தெரியாமல் திணறும் பச்சிளங் குழந்தைக்குக் கொடுக்க வேண்டியது ஆக்சிஜன்; அசுவினியும் பரணியும் அதைச் சுரக்குமா?

மடமை இருக்கும் இடத்தில் வாணிகம் வராமல் இருக்குமா? "ஒரே மண்டலத்தில் சர்க்கரை ஓடிவிடும்; ஊசியைத் தூக்கி எறியுங்கள்" என்று கூவும் லேகியக்காரர் வருகின்றார்; தாயத்து விற்பவரும் உடன் வருகின்றார். இவர்களுக்காகவே 1954-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நீரிழிவைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது அந்தச் சட்டத்தின்படி குற்றம். தாயத்தும் மந்திரமும் நோய் தீர்க்கும் என்று விளம்பரப்படுத்துவதும் குற்றம். சட்டம் ஏட்டிலே இருக்கிறது; லேகியம் ரோட்டிலே இருக்கிறது! தொலைக்காட்சியில் இருக்கிறது, கைப்பேசியிலும் இருக்கிறது. 2011–12 ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை, கருவுற்ற பெண்கள் ஆறு பேர் ஈய நஞ்சுக்கு ஆளாகியிருக்கக் கண்டது. அவர்கள் உட்கொண்டவை இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகள். "இயற்கை மருந்துதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்போர்க்கு விடை அது. ஈயமும் இயற்கைதான், பாம்பின் நஞ்சும் இயற்கைதான்!

இதைச் சொன்னால், "முன்னோரைப் பழிக்கிறாயா?" என்று சீறுவார்கள். இல்லை, நண்பரே! நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்டு, அதில் இனிப்பு உண்டென்று குறித்துவைத்தனர் பண்டைய மருத்துவர். அவர்கள் கண் திறந்து பார்த்தவர்கள். அந்நாளில் கைக்கு எட்டிய கருவி எறும்பு, அதைக்கொண்டு அளந்தார்கள். இன்றைக்கு விரல் நுனியில் ஒரு துளி எடுத்து, சில நொடிகளில் அளவு சொல்லும் கருவி இருக்கும்போது, அதை மறுத்து நாடியைப் பிடித்து நட்சத்திரம் பார்ப்பவர்தான் அந்த முன்னோரைப் பழிப்பவர். எறும்புக்குத் தெரிந்தது கூடத் தெரியவேண்டாம் என்கிறாரே, அவர்!

இவ்வளவும் கடந்து குழந்தை நலமாகப் பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீடு தொட்டிலைச் சுற்றி நிற்கிறது. தாய்? அவளை எவரும் பார்ப்பதில்லை. கொடுமையிலும் கொடுமை இதுதான். பேறுகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவளைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று 2009-இல் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே பிள்ளை பெற்ற ஆறாம் வாரத்தில் அவளுக்கு மறுபடியும் சோதனை செய்யவேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் செய்யவேண்டும். ஆறாம் வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி என்பது எல்லோர்க்கும் நினைவிருக்கிறது. அதே நாளில், அதே கட்டடத்தில், அதே பெண்ணின் விரலிலிருந்து ஒரு துளி எடுக்கவேண்டும் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கருவைச் சுமந்தவரை அவள் கலசம். இறக்கி வைத்தபின் வெறும் குடம். இந்த எண்ணம்தான் நோயைவிடக் கொடிய நோய்!

இளைஞர்களே! மேடையேறி விதியை வெட்டி வீழ்த்துவது எளிது. கைதட்டல் கிடைக்கும். வீடு திரும்பி, மனைவியை அழைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஆரம்பச் சுகாதார நிலையத்து மரப்பலகையிலே உடன் உட்கார்ந்திருப்பவன் எவனோ, அவனே விதியை உண்மையில் வென்றவன். அவனுக்குக் கைதட்டல் கிடைக்காது. குழந்தையின் அழுகுரல் கிடைக்கும். அக்காளுக்கு, தங்கைக்கு, அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு 24-ஆம் வாரம் எப்போது என்று கணக்கு வையுங்கள். இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி இல்லாத வீடா? ஈரமணலிட்ட மண்பானைக்குள் நீர் புகாதபடி வைத்து வெயில் படாமல் காப்பது எப்படி என்று செவிலியரைக் கேட்டுச் சொல்லிக் கொடுங்கள். கிரகண நாளில் அவளுக்கு முன்னே தட்டை வையுங்கள். வேண்டுமானால் நீங்களும் உடன் உட்கார்ந்து உண்ணுங்கள்.

ஆள்வோர்க்கும் ஒரு சொல். அரசாணை பிறப்பித்தால் அளந்ததாகிவிடாது. சோதனைக்கான குளுக்கோஸ் பொட்டலம் தீர்ந்துபோகாமல் இருக்கவேண்டும். கருவி பழுதின்றி இருக்கவேண்டும். காத்திருக்கும் பெண்ணுக்கு உட்கார இடமும், குடிக்கத் தண்ணீரும், போகக் கழிப்பறையும் இருக்கவேண்டும். ஆறாம் வாரத்துச் சோதனையைத் தாயின் அட்டையிலே, குழந்தையின் தடுப்பூசிக்குப் பக்கத்திலேயே அச்சிட்டுத் தரவேண்டும். ஒருநாள் கூலி இழந்து வந்தவளை, "நாளை வா" என்று திருப்பி அனுப்பும் நிலையமும் விதியின் கிளை அலுவலகமே!

நெற்றியில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படுவதை எவரும் படித்ததில்லை. இரத்தத்தில் எழுதியிருப்பதை எவரும் படிக்கலாம். அதற்கு ஒரு துளி போதும். படிக்க முடிந்ததைப் படிப்போம்! திருத்த முடிந்ததைத் திருத்துவோம்! தாயின் தோளிலே நாம் ஏற்றிவைத்த பழியை நம் கையாலேயே இறக்குவோம்!